சிரிப்பும் மதிலும்

அயல்நாட்டில் வாழும் அமெரிக்கரை ஆயிரம் பேர் நடுவிலும் அடையாளம் கண்டுகொள்ளலாம் என்பார்கள். உரத்த குரல், முன்பின் அறியாதவரிடத்தும் மலரும் புன்னகை, தலையில் பேஸ்பால் தொப்பி, குளிர்காலத்திலும் குடிநீரில் பனிக்கட்டி, வயதில் மூத்தவரையும் பெயர் சொல்லி அழைக்கும் துணிச்சல், கேளாமலே அள்ளிக் கொடுக்கும் டிப்ஸ், உலகம் கிலோமீட்டரில் அளக்கும்போதும் மைலை விடாத பிடிவாதம். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இவற்றைச் சொல்லிச் சிரிப்பது நெடுங்காலமாக நடந்து வருகிறது. சிரிப்பவர்கள், தாங்கள் ஒரு வல்லரசையே விமர்சித்துவிட்டதாக எண்ணி மனநிறைவும் கொள்கிறார்கள்.

அந்த மனநிறைவைத்தான் நாம் மறுக்கிறோம். அமெரிக்கர்பால் கொண்ட பரிவினால் அன்று. குற்றவாளியைத் தப்பவிட்டு அவன் சட்டையைக் கூண்டில் ஏற்றும் வழக்காக இது இருப்பதனால்.

மேலே சொன்ன பழக்கங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றுக்கு அவரவர் மண்ணில் காரணம் உண்டு. அமெரிக்காவில் உணவு பரிமாறுவோர்க்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலியை மைய அரசின் சட்டம் 1991இல் மணிக்கு 2.13 டாலர் என்று வைத்தது. எஞ்சியதை விருந்தினர் கையிலிருந்தே அவர்கள் பெற்றாக வேண்டும். அந்த நாட்டில் வளர்ந்தவர் எங்குச் சென்றாலும் பணப்பையைத் திறப்பதில் வியப்பென்ன? பல தேசத்தாரும் வந்து குடியேறிய மண்ணில், மொழி புரியாத அண்டை வீட்டாரிடம் புன்னகையே முதற்பேச்சாக இருந்திருக்கும் என்று கருதவும் இடமுண்டு. இவை குற்றங்கள் அல்ல, வழக்கங்கள். திருத்தவும் கூடியவை. 1942இல் அமெரிக்கப் போர்த்துறை, பிரிட்டனுக்கு அனுப்பிய வீரர்களின் கையில் ஒரு சிறு கையேட்டைக் கொடுத்தது. தற்பெருமை பேசாதீர்கள், பணத்தைக் காட்டிக்கொள்ளாதீர்கள், அந்நாட்டாரின் வழக்கங்களை எள்ளி நகையாடாதீர்கள் என்பதே அதன் சாரம்.

ஆனால், அந்தக் கையேட்டுடன் வேறொன்றும் கடல் கடந்தது. அதே படையில் கறுப்பு வீரரும் வெள்ளை வீரரும் தனித்தனிப் பிரிவுகளாகவே வைக்கப்பட்டிருந்தனர். குரலைத் தாழ்த்தச் சொன்னவர்கள் அந்த மதிலைத் தாழ்த்தவில்லை. அயல்நாட்டில் அமெரிக்கரைப் பிரித்துக்காட்டிய உண்மையான அடையாளம் எதுவென்று தேடுவோர் இங்கிருந்து தொடங்க வேண்டும்.

பனாமாவைப் பாருங்கள். 1903ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியாக, கால்வாயை ஒட்டிப் பத்து மைல் அகல நிலப்பட்டை அமெரிக்காவின் ஆட்சிக்குள் வந்தது. அங்கே வேலை செய்தோர் 'தங்கப் பட்டியல்', 'வெள்ளிப் பட்டியல்' என்று பிரிக்கப்பட்டனர். தங்கத்தில் பெரும்பாலும் வெள்ளை அமெரிக்கர். வெள்ளியில் பார்படோஸ், ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து வந்து மண்ணை வெட்டிய கறுப்பின உழைப்பாளிகள். கூலி மட்டுமா வேறு? கடை வேறு, குடியிருப்பு வேறு, பள்ளிக்கூடம் வேறு. 1964 ஜனவரி 9ஆம் நாள், தங்கள் நாட்டுக் கொடியை அந்த நிலப்பட்டையிலிருந்த பள்ளி ஒன்றில் ஏற்றச் சென்ற பனாமா மாணவர்கள் தடுக்கப்பட்டனர், கொடி கிழிந்தது, தொடர்ந்த கலவரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பனாமியர் உயிரிழந்தனர். அந்த ஆட்சிப்பகுதி 1979இல்தான் ஒழிந்தது; கால்வாய் 1999இன் இறுதி நாளில்தான் கைமாறியது.

அடுத்து, நம்மவர் பலர் பிழைக்கச் சென்ற சவூதி அரேபியாவின் கீழைக் கரைக்கு வருவோம். 1933இல் கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் எண்ணெய் உரிமை பெற்றது. 1938இல் தம்மாமின் ஏழாம் எண் கிணறு பெருக்கெடுத்தது. பின்னர் அராம்கோ என்று பெயர் பெற்ற அந்நிறுவனம் தஹ்ரானில் ஒரு சிறு அமெரிக்காவையே எழுப்பியது. பாலை நடுவே புல்வெளி, நீச்சல் குளம், திரையரங்கு, பேஸ்பால் ஆடுகளம். வேலிக்கு அப்பால், அந்த மண்ணின் மைந்தர்களான தொழிலாளர்க்கோ ஈச்ச ஓலைக் குடிசைகள். 1953இல் அவர்கள் கோரிக்கை வைத்தார்கள். தலைவர்கள் சிறைப்பட்டதும் ஏறத்தாழ 13,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1956இல் மீண்டும் கிளர்ந்தபோது வேலைநிறுத்தமே அரச ஆணையால் தடை செய்யப்பட்டது. அப்துர் ரஹ்மான் முனீஃப் 1984இல் வெளியிட்ட 'உப்பு நகரங்கள்' நாவல், அமெரிக்கப் பகுதி என்றும் அரபுப் பகுதி என்றும் பிளவுண்ட ஓர் எண்ணெய் நகரை நம் கண்முன் நிறுத்துவது வெறுங்கற்பனையால் அன்று.

"பிரிட்டிஷாரும் இதைத்தானே செய்தார்கள்? அவர்களுடைய கிளப்புகளில் இந்தியர் நுழைய முடிந்ததா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் பிரிட்டிஷார் தம்மை ஆள வந்தவர் என்று ஒளிக்காமல் சொல்லிக்கொண்டனர். அமெரிக்கரோ நண்பராய் வந்தோம் என்றனர். நட்பென்று சொல்லி வந்தவர் வேலி போட்டால் அதற்கு இருமடங்கு கணக்குக் கேட்கத்தானே வேண்டும்?

ஏளனம் எவ்வளவு குருடானது என்பதற்கு ஒரு சான்று சொல்வேன். லெடரர், பர்டிக் என்னும் இருவர் 1958இல் எழுதிய நாவல் ஒன்றின் பெயர் 'அழகற்ற அமெரிக்கன்' என்று பொருள்படும். இன்று அயல்நாட்டில் அடாவடியாய் நடந்துகொள்ளும் அமெரிக்கரை எல்லாம் அப்பெயரால் வைகிறார்கள். கதையிலோ அந்த அழகற்றவர் ஒரு பொறியாளர், முகந்தான் அழகில்லை. அவரே சிற்றூர் மக்களோடு குடியிருந்து, மிதிவண்டியால் இயங்கும் நீரிறைக்கும் பொறியை அவர்களோடு சேர்ந்து செய்கிறார். மதிலைத் தாண்டி வந்த மனிதரின் பெயரையே உலகம் வசைச்சொல்லாக்கிவிட்டது! முகத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதும் வழக்கத்துக்கு இதைவிடத் தண்டனை வேறென்ன?

கதையில் மட்டுமல்ல, நடப்பிலும் அத்தகையோர் உண்டு. 1961இல் தொடங்கிய அமைதிப்படைத் தொண்டர்கள் 1976 வரை நம் நாட்டிலும் பணி செய்தார்கள். அந்தந்த வட்டார மொழியைக் கற்றுக்கொண்டு, சொற்பப் படியில் ஊர்மக்களிடையே வாழ்வதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட நெறி. அவர்களுடைய குரலும் உரத்ததாக இருந்திருக்கலாம். அதனால் யாருக்கு என்ன நட்டம்?

இனி நம் பக்கம் திரும்புவோம். வளைகுடாவில் இருபதாண்டு உழைத்த தமிழருக்குத் 'தொழிலாளி' என்று பெயர்; அதே ஊரில் அதே காலம் வாழ்ந்த அமெரிக்கருக்கு 'எக்ஸ்பாட்' என்று பெயர். கடவுச்சீட்டின் நிறம் பார்த்துச் சம்பளம் பேசப்படுவதைக் கண்டு வந்தவர்கள் நம் ஊர்தோறும் இருக்கிறார்கள். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? அவருடைய தொப்பியை நகையாடுகிறோம். அவருடைய மதிலுக்குள் நமக்கும் ஒரு வீடு கிடைக்காதா என்று ஏங்கவும் செய்கிறோம். மதில் இருக்கட்டும், நாமும் உள்ளே இருந்தால் போதும் என்பது நீதிக்கான குரல் ஆகுமா?

எனவே, அயல்நாட்டில் வாழும் அமெரிக்கரைப் பற்றி இனி எவரேனும் கதை சொல்ல வந்தால் அவர் எப்படிப் பேசினார், எப்படி உடுத்தினார் என்று கேளாதீர்கள். எந்தத் தெருவில் குடியிருந்தார், அவ்வூர் மொழியில் எத்தனை சொல் கற்றார், அவர் வீட்டு வாசலுக்குள் யார் எந்தக் கூலிக்கு நுழைந்தார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளையே, வெளிநாட்டில் வாழும் நம் உறவினரிடமும் கேட்கத் தயங்காதீர்கள்.