ஆர்க்டிக்கில் பனி உருகியபோது அண்டார்டிகாவில் கூடியது ஏன்? இப்போ என்ன நிலவரம்?

பூமி சூடானால் இரண்டு துருவங்களிலும் பனி ஒரே மாதிரி குறையணும் இல்லையா? நடந்தது வேறு. ஆர்க்டிக்கில் கடல் பனி சுருங்கிக்கொண்டே வந்த காலத்தில், அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடல் பனி மெல்ல அதிகரித்தது. 2014 செப்டம்பரில் அது 2 கோடி சதுர கி.மீ.யைத் தாண்டியது. 'அப்போ புவி வெப்பமயமாதல் பொய்தானே?' என்ற கேள்வியும் கிளம்பியது.

வடக்கு ஏன் இவ்வளவு வேகம்?

ஆர்க்டிக் என்பது நிலம் சூழ்ந்த கடல். வெள்ளைப் பனி, வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பனி உருகினால் அடியில் இருக்கும் கருநீலக் கடல் வெப்பத்தை உறிஞ்சும். வெயிலில் வெள்ளைச் சட்டைக்கும் கறுப்புச் சட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கடல் சூடாகச் சூடாக, மேலும் பனி உருகும். 1979 முதல் உலக சராசரியைவிட கிட்டத்தட்ட 4 மடங்கு வேகத்தில் ஆர்க்டிக் சூடாகியிருக்கிறது என்கிறது 2022-ல் வெளியான ஆய்வு.

தெற்கில் என்ன நடந்தது?

அண்டார்டிகா அப்படியே நேர்மாறு: கடல் சூழ்ந்த நிலம். அங்கே ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்துகொண்டே இருப்பதால், கடலின் மேற்பரப்பு மெதுவாகத்தான் சூடாகிறது. கண்டத்தைச் சுற்றி வீசும் பலமான மேலைக் காற்றும் பனியை வெளிப்புறமாகத் தள்ளிப் பரப்பியது.

ஆனால் 2016 இறுதியில் நிலைமை தலைகீழானது. காற்றின் போக்கு மாறியது. மேற்பரப்புக்குக் கீழே சேர்ந்திருந்த வெப்பமும் பனியைத் தாக்கியது. 2023 பிப்ரவரியில் கடல் பனி வெறும் 17.9 லட்சம் சதுர கி.மீ.யாகச் சுருங்கியது. செயற்கைக்கோள் பதிவுகள் தொடங்கிய பிறகு அதுவரை இல்லாத சரிவு அது.

இதனால் என்ன ஆபத்து?

கடல் பனி ஏற்கெனவே மிதப்பதால், அது உருகினால் கடல் மட்டம் நேரடியாகப் பெரிதாக உயராது. ஆனால் கரையோரப் பனித்தட்டுகளை அலைகளிடமிருந்து காப்பது அதுதான். அந்தத் தட்டுகள் பலவீனமானால், நிலத்தில் இருக்கும் பனி வேகமாகக் கடலுக்குள் இறங்கும். அண்டார்டிகாவின் மொத்தப் பனியும் உருகினால் கடல் மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும். முழுவதும் உருக பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும் என்றாலும், அதில் சிறு பங்கு உருகினாலே கடலோர நகரங்களுக்குச் சிக்கல்தான்.

பாதிப்பு ஏற்கெனவே தெரிகிறது. 2022-ல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடல் பகுதியில், குஞ்சுகள் நீந்தத் தயாராகும் முன்பே பனி உடைந்தது. அங்குள்ள 5 எம்பரர் பெங்குயின் கூட்டங்களில் 4-ல் குஞ்சுகள் பிழைக்கவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், பனி ஒரு வருஷம் கூடுவதற்கும் அடுத்த வருஷம் குறைவதற்கும் காற்றும் கடல் நீரோட்டமும் காரணமாகலாம். நீண்டகாலப் போக்கைத் தீர்மானிப்பது மனிதர்கள் வெளியிடும் பசுமை இல்ல வாயுக்கள்தான். அதனால், ஒரு வருஷக் கணக்கை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது.