எல்லாம் டகோட்டா இல்லை, ஐயா!

ஷோகேஸில் இருக்கும் பழைய பித்தளை விமானத்தைக் கண்டால் நம்மவர்கள் வாயில் இரண்டே பெயர்தான் வரும். இரண்டு இன்ஜின் இருந்தால் டகோட்டா. ஒற்றை இன்ஜின் என்றால் டாட்டா ஓட்டிய முதல் விமானம். சில பழம்பொருள் வியாபாரிகளும் அதையே சொல்லி விலையை ஏற்றிவிடுகிறார்கள். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது 'புஸ் மாத்' என்ற விமானத்தில். அதற்கு உடம்பின் மேல்பக்கம் ஒரே அடுக்கு இறக்கைதான். அந்தப் பெயரைச் சொல்லி விற்கும் பொம்மைக்கோ மேலும் கீழுமாக இரண்டடுக்கு! எண்ணிப் பார்க்கக்கூடவா நேரமில்லை?

இரட்டை இன்ஜினுக்கும் கணக்கு எளிதுதான். டகோட்டா தரையில் நின்றால் மூக்கு வானத்தைப் பார்க்கும். வாலடியில் சின்னச் சக்கரம் இருக்கும். இன்ஜின் அண்டா மாதிரி உருண்டை. ஆவ்ரோ நேராக நிற்கும். முன்சக்கரம் மூக்கின் அடியில். அதன் இன்ஜின் ஒல்லியாக, இறக்கைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். இறக்கையே உடம்புக்கு மேலே இருந்தால் ஃபோக்கர் ஃபிரண்ட்ஷிப்.

"பொம்மைக்கு எதற்கய்யா இவ்வளவு ஆராய்ச்சி?" என்பீர்கள். நம் ராமநாதபுரம் சீமையில் கொழும்போடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த குடும்பங்கள் எத்தனை! 1947 டிசம்பர் 10-ல் ஏர் சிலோன் தன் முதல் பயணத்தை ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்கு நடத்தியது டகோட்டாவில்தான். அதே கம்பெனி பிற்பாடு வைத்திருந்த ஆவ்ரோ 1978 செப்டம்பர் 7-ல் வெடிகுண்டுக்கு இரையானது. ஒன்று சுதந்திரம் வந்த புதிதில் பறந்தது. மற்றது கெட்ட காலம் தொடங்கியதற்குச் சாட்சி. இரண்டையும் டகோட்டா என்று ஒரே கூடையில் போட்டால், அக்கரைக்குப் போய்வந்த நம் பெரியவர்களின் காலமே குழம்பிப்போகும்.

எந்த நிஜ விமானத்தையும் பார்க்காமல், பட்டறையில் அழகுக்காக வார்த்த பொம்மைகளும் உண்டு. அதில் ஒரு குறையும் இல்லை. அதற்கு இல்லாத பூர்வீகத்தை ஒட்டவைப்பதுதான் தப்பு.

ஆகவே பெரியவர்களே, இறக்கையைப் பாருங்கள், இன்ஜினை எண்ணுங்கள், சக்கரம் எங்கே என்று பாருங்கள். நிச்சயமானால் பெயரை ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டுங்கள். நிச்சயமில்லை என்றால் 'பழைய விமானம்' என்று மட்டும் எழுதுங்கள். நமக்குப் பின் அதை எடுத்துத் துடைக்கப்போகிற பேரப்பிள்ளைகள் அந்தச் சீட்டைத்தான் நம்புவார்கள்.