தொட்டிகளைப் பூட்டாதீர்கள்

நகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் வகுப்பறை ஜன்னலோரம் மண்ணில்லாமல் கீரை வளர்த்த தொட்டிகளைத் தனி அறையில் வைத்துப் பூட்டி, பராமரிப்பை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்க முடிவாகிவிட்டது. பிள்ளைகள் வாரம் ஒருமுறை வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்கிறது சுற்றறிக்கை. அவர்கள் தொட்டால் கரைசல் கெடுகிறது, செடி சாகிறது, ஆய்வுக்கு வருபவர்களுக்குக் காட்ட ஒன்றும் இருப்பதில்லை என்பது சொல்லப்படும் காரணம். கல்வியைப் பற்றி முடிவெடுப்பவர்கள் சொல்லத் தகுந்த காரணமல்ல இது.

அந்தத் தொட்டியில் என்ன நடக்கிறது என்று அவர்களில் ஒருவராவது குனிந்து பார்த்தாரா? மோட்டார் கிடையாது. சத்துக்கரைசலை நிரப்பி, மேலே துளையிட்ட மூடி போட்டு, தென்னை நார்க்கழிவு அடைத்த வலைக்கிண்ணத்தில் நாற்றை நிறுத்துகிறார்கள். செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். மேல் வேர்கள் காற்றுக்குப் பழகும். தண்ணீர் குறைந்துவிட்டதே என்று இரக்கப்பட்டு ஒரு பிள்ளை விளிம்புவரை ஊற்றினால் அந்த வேர்கள் மூச்சுமுட்டி, செடி துவண்டுபோகும். வேரும் சுவாசிக்கிறது என்பதை அந்தப் பிள்ளை இனி மறக்குமா? மூடி விலகிய தொட்டியில் வெளிச்சம் பட்டுப் பாசி படரும். கரைசலின் பி.எச். அளவு 5.5-க்கும் 6.5-க்கும் இடையே நிற்காவிட்டால், சத்து தண்ணீரில் இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் இலை வெளிறும். ஏன் வெளிறியது என்று கேட்கத் தொடங்கிய எட்டு வயதுப் பிள்ளையிடமிருந்துதான் தொட்டியைப் பிடுங்குகிறார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் வளர்த்த செழிப்பான கீரையை வாசலில் நின்று பார்ப்பதில் அந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

கரைசலுக்கான உப்புகளால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற வாதமும் நிற்காது. கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்பேட்டையும் அடர்த்தியாகக் கலந்தால் வீழ்படிவாகிவிடும் என்பதால் அவை தனித்தனிப் புட்டிகளில்தான் வைக்கப்படுகின்றன. அவற்றை ஆசிரியர் வைத்துக்கொள்ளட்டும். நீர்த்த கரைசலைப் பிள்ளைகள் அவர் கண்ணெதிரே அளந்து ஊற்றட்டும். 1946-இல் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் மண்ணில்லாச் சாகுபடியைச் சோதித்தபோது, எளியவர்கள் கையில் கிடைப்பதைக் கொண்டு செய்ய முடிய வேண்டும் என்பதையே நோக்கமாக வைத்தார். பூட்டிய அறைக்காக உருவான முறையல்ல இது.

பூட்டுவது இவர்களுக்குப் புதிதும் அல்ல. கிழிந்துவிடும் என்று நூலகப் புத்தகங்களை பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். கறையானுக்குத்தான் அவை பயன்பட்டன. பழுதாகும் என்று கணினிகளைத் தலைமையாசிரியர் அறையில் உறை பிரிக்காமல் வைத்தார்கள். உத்தரவாதக் காலம் முடிந்தபின் பிரித்தபோது பாதி ஓடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சேறாகிறது என்று பள்ளி வளாகம் முழுக்க பேவர் பிளாக் பதித்தார்கள். வெண்டையும் அவரையும் காய்த்த பாத்திகள் அதற்கடியில் போயின. மழைநீர் இறங்க இடமின்றி வகுப்பறைப் படிவரை தேங்குவதை ஒவ்வோர் ஐப்பசியிலும் பார்க்கிறோம். ஆசிரியர்கள் தண்ணீரில் கீரை வளர்க்கக் கற்றுக்கொடுத்ததே, மண் பறிபோனதால்தான். இப்போது அதையும் பறிக்கிறார்கள். இதைச் செய்தவர்களில் எவரும் எந்தப் பெற்றோருக்கும் இதுவரை பதில் சொன்னதில்லை. இந்த முறையும் சொல்லாமல் தப்ப விடக்கூடாது.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, ஆசிரியர்களையும் பெற்றோரையும் அழைத்துப் பேசி, தொட்டிகள் வகுப்பறையிலேயே இருக்கும்படி தக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவும் நாற்றுகள் வாடுவதற்குள்.