பொன்னாடையும் வைப்புத்தொகையும்

தில்லி மந்திர் மார்க்கில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியைத் தலைநகரத் தமிழர் நன்கு அறிவர். 1923-இல் தோன்றிய அக்கழகம் இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. ஊர்விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் பயிற்றிய ஆசிரியர்கள் அங்கு எத்தனையோ பேர்!

அவர்களுக்கு நாம் செய்வது என்ன? செப்டம்பர் 5 அன்று ஒரு பொன்னாடை. (ஏற்கெனவே வீட்டில் எத்தனை இருக்கின்றன என்று எவரும் கேட்பதில்லை.) அப்துல் கலாம், இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் தமக்கு நம்பிக்கையூட்டிய அய்யாதுரை சாலமனை 'அக்னிச் சிறகுகள்' நூலில் பெயர் சொல்லிப் போற்றினார். அப்பெயர் நிலைத்துவிட்டது.

நூல் எழுத இயலாதோர்க்கும் வழியுண்டு. பழைய மாணவர் பத்துப் பேர் ஆளுக்கு 10,000 ரூபாய் அளித்தால் 1 லட்சம். பள்ளியின் பெயரில் அதை நிரந்தர வைப்பாக இட்டு, வட்டி 6 விழுக்காடு எனக் கொண்டாலும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கிடைக்கும். ஆசிரியர் பெயரால், அவர் கற்பித்த பாடத்தில் பரிசு வழங்கலாம். முதல் மதிப்பெண் பெறுபவரைவிட, பின்தங்கியிருந்து முன்னேறிய மாணவருக்கு அளிப்பதே நம் விருப்பம். முதலைத் தொடாமல் வட்டியை மட்டுமே செலவிட வேண்டும் என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் பெறுதல் நன்று.

அறக்கட்டளை என்றாலே மறைந்தவர் நினைவாக என்று எண்ணிவிடுகிறோம். உயிர்வாழ்வுச் சான்று அளிக்க நவம்பர்தோறும் நம் கிளைகளுக்கு வரும் முதியோருள் ஓய்வுபெற்ற ஆசிரியரும் உளர். முதற்பரிசை அவர்களே தம் கையால் வழங்கட்டும்.