நீதிமன்றக் கையூட்டுக்குக் கட்சி உண்டா?



நமது மதரஸாவில் ஓதும் ஒரு சிறுமியின் தாயார் சென்ற மாதம் நம்மிடம் வந்தார். ஜீவனாம்சம் கோரி அவர் தொடுத்த வழக்கில் பல வாய்தாக்களுக்குப் பின் உத்தரவு கிடைத்துவிட்டது. அந்த உத்தரவின் சான்றிட்ட நகலுக்காக நான்கு முறை நீதிமன்றத்திற்கு நடந்திருக்கிறார். ஐந்தாம் முறை வாசலில் நின்ற தரகர் ஒருவர், "உள்ளே ஐந்நூறு கொடுத்தால் இன்றே கிடைக்கும்" என்றாராம். பீடி சுற்றிச் சேர்த்த பணத்திலிருந்து அதைக் கொடுத்துவிட்டார். மூன்று நாள்கள் உறக்கமின்றிக் கிடந்து, பின் நம்மிடம் வந்து கேட்டார்: "ஹழ்ரத், கொடுத்தவளுக்கும் சாபம் உண்டல்லவா?"

லஞ்சம் வாங்குபவர், கொடுப்பவர் இருவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்பது நாம் பிள்ளைகளுக்கும் கற்பிக்கும் ஹதீஸ். பிறர் பொருளைத் தவறான வழியில் உண்பதற்காக அதிகாரிகளிடம் பணத்தைக் கொண்டு செல்வதை அல்குர்ஆனும் (2:188) தடுக்கிறது. ஆயினும், தமக்குரிய நியாயமான உரிமையை வேறு வழியே இன்றி மீட்பதற்காகக் கொடுக்க நேர்ந்தால் பாவம் வாங்கியவரையே சாரும் என்று ஃபுகஹாக்களில் பலர் சலுகை அளித்துள்ளனர். இதை அவரிடம் கூறினோம். அவர் முகம் தெளிந்தது. நமது முகம்தான் தெளியவில்லை.

ஏனெனில், இதே சலுகையைப் பல ஆண்டுகளுக்கு முன் நமக்கு நாமே வழங்கிக்கொண்டோம். மதரஸா மனையின் எல்லை வழக்கில் ஒரு நகலுக்காக முந்நூறு ரூபாய் கொடுத்தோம். எவரிடமும் சொல்லவில்லை. அன்று ஆட்சியிலிருந்த கட்சி வேறு. கேட்கப்பட்ட சொல் மட்டும் இரு முறையும் ஒன்றே: "டீ செலவுக்கு."

அன்றிரவு இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் இப்பேச்சை எடுத்தோம். எழுந்த முதல் கேள்வி, "தரகர் எந்தக் கட்சி?" என்பது. நமது தெருவில் பெரும்பாலோர் வாக்களித்த கட்சியின் கிளைப் பொறுப்பாளர் அவர் என்று தெரிந்ததும் ஒரு சகோதரர் குரலைத் தாழ்த்தினார். "ஹழ்ரத், தேர்தல் நேரம். இதை இப்போது பேசினால் நமக்கு ஆகாதவர்களுக்குத்தான் லாபம்." மற்றொரு சகோதரருக்கோ உற்சாகம் தாங்கவில்லை. "இந்த ஆட்சியின் லட்சணத்தைப் பாருங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்றார். அவருடைய கட்சி ஆண்டபோது அதே வாசலில் அதே தொகை கைமாறியதை அவரே நம்மிடம் சொல்லியிருக்கிறார், சிரித்துக்கொண்டே.

இருவருமே அந்தச் சகோதரியை மறந்துவிட்டார்கள். அதைவிட, இருவருமே குற்றத்திற்குத் தவறான முகவரியைத் தேடினார்கள். மாவட்ட நீதிமன்றமும் அதற்குக் கீழுள்ள நீதிமன்றங்களும் ஆளுங்கட்சியின் கட்டுப்பாட்டில் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 235-ஆம் உறுப்பு அந்தக் கட்டுப்பாட்டை உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்திருக்கிறது. ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர்கள் மாறுவார்கள். நகல் தரும் எழுத்தர் அதே மேசையில்தான் இருப்பார். ஆகவே "எல்லாம் இந்த ஆட்சியால்" என்று சொல்லும்போது, கை நீட்டியவர் நம் பேச்சிலிருந்து தப்பிவிடுகிறார்.

சூரத்துந் நிஸாவின் 105-ஆவது வசனம் முதலாகச் சில வசனங்கள் இறங்கிய பின்னணியை நினைத்துப் பாருங்கள். மதீனாவில் ஒரு கவசம் திருடுபோயிற்று. எடுத்தவர் முஸ்லிம் என்று அறியப்பட்டவர். அவருடைய குலத்தார் திரண்டு வந்து அவருக்காக வாதாடினார்கள். பழி ஒரு யூதர் மீது விழவிருந்தது என்று தஃப்ஸீர் நூல்கள் பல கூறுகின்றன. மோசடிக்காரர்களுக்காக வாதாடாதீர் என்ற கட்டளை அப்போதுதான் வந்தது. யூதர்களுடன் அரசியல் இறுக்கம் நிலவிய காலம் அது. "இப்போது பேசினால் எதிரிக்கு லாபம்" என்ற வாதத்திற்கு அதைவிடப் பொருத்தமான தருணம் இருந்திருக்க முடியாது. அல்லாஹ் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

நாட்டின் சட்டத்தையும் புரட்டினோம். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவருக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் அவர் 7 நாள்களுக்குள் புகார் தெரிவித்திருக்க வேண்டும். இதைப் படித்தபோது நாம் வெட்கப்பட்டோம். ஃபுகஹாக்கள் தந்த சலுகையை நாம் மௌனத்திற்கான அனுமதியாக விரித்துப் படுத்துக்கொண்டோம். சட்டமோ, நிர்ப்பந்திக்கப்பட்டவனே, வாயைத் திற என்கிறது.

பேசுவதற்கும் அதபு உண்டு. வழக்கில் தோற்றவரெல்லாம் நீதிபதி விலை போனார் என்று சொல்லித் திரிவது அவதூறு. செய்தியைத் தீர விசாரியுங்கள் என்ற இறைக்கட்டளை (49:6) இங்கும் பொருந்தும். அந்நீதிமன்றத்திலேயே ஒரு காசும் தொடாத ஊழியர்களை நாம் அறிவோம். நாள், நேரம், தொகை, கேட்டவர் இவற்றை மட்டும் எழுத வேண்டும். நீதிமன்ற அவமதிப்பு ஆகிவிடுமோ என்று அஞ்சுவோர் அறியட்டும்: 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, கீழமை நீதிமன்ற நீதிபதியைப் பற்றியே நல்லெண்ணத்துடன் உயர் நீதிமன்றத்திடம் முறையிட்டாலும் அது அவமதிப்பு ஆகாது என்கிறது. எழுத்தரைப் பற்றி முறையிட என்ன தயக்கம்?

பணம் கொடுத்த ஆறாம் நாள் லஞ்ச ஒழிப்புத் துறைக்கு ஒரு மனுவும், உயர் நீதிமன்றப் பதிவாளருக்கு ஒரு மனுவும் எழுதினோம். அந்தச் சகோதரியின் பெயரை மறைத்துவிடலாமா என்று கேட்டோம். "வேண்டாம் ஹழ்ரத், கொடுத்தது நான்தானே" என்று தாமே கையொப்பமிட்டார். அதன் கீழே, நமது பழைய முந்நூறு ரூபாயையும் எழுதி நாமும் ஒப்பமிட்டோம்.

வாட்ஸ்அப்பில் போடலாம் என்ற சகோதரரை உடன் ஒப்பமிட அழைத்தோம். வேலை இருக்கிறது என்றார். குரலைத் தாழ்த்தியவர் அன்று முதல் நமது ஸலாமுக்குப் பதில் சொல்வதோடு சரி, திண்ணையில் அமர்வதில்லை.