மார்பில் ஏற வேண்டிய பதக்கம் பைலில் தூங்குகிறது!

பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர், தம் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விட்டுப்போன பதக்கத்தைச் சேர்த்துத் தரும்படி மனுப் போட்டால் என்ன நடக்கிறது? மனு போகிறது. பதில் வருவதில்லை. மறுபடி மனு. "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு காகிதம். அப்புறம் அதுவும் இல்லை. மனுப் போட்டவருக்கு முடி நரைக்கிறது, கண் மங்குகிறது. கடைசியில் அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய மனைவி அதே காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு அதே படியில் ஏறுகிறார். இதுதான் தேசத்தின் நன்றிக்கடன்!

பாவூர்சத்திரம், கீழப்பாவூர், கடையம், ஆலங்குளம் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் யார்? நஞ்சை நூறு ஏக்கர் வைத்திருந்தவர் வீட்டுப் பிள்ளைகளா? மழை பொய்த்த வருஷம் வேலை தேடிக் கிளம்பியவர்கள். பீடி சுற்றும் தாயின் மகன்கள். சந்தையில் கேரளத்து லாரிக்குக் காய்கறி மூட்டை ஏற்றியவர்களின் மகன்கள். பதினைந்து, பதினேழு வருஷம் பனியிலும் மணலிலும் நின்றுவிட்டுத் திரும்பி, இன்று பாங்கு வாசலில் காவல் நிற்கிறவர்களும் அவர்களே.

"பதக்கம் ஒரு பிரச்னையா? அதை வைத்துக் கஞ்சி காய்ச்ச முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. "ஆளும் வர்க்கம் நடத்திய யுத்தத்தின் பதக்கம் நமக்கெதற்கு?" என்று நம் அணியிலேயே கேட்பவர்களும் உண்டு. நாம் அவர்களைத் திருப்பிக் கேட்கிறோம்: ஆலையில் நூற்கும் நூல் யாருடைய லாபத்துக்கு? முதலாளியின் லாபத்துக்குத்தான். அதற்காகப் போனஸை வேண்டாம் என்று விட்டுவிட்டோமா? செய்த வேலைக்கு உரியது உரியதுதான். யுத்தத்தைத் தீர்மானித்தவன் வேறு, அதில் நின்றவன் வேறு.

ஆலைத் தோழர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பதிலியாகவே பத்து வருஷம் ஓடிய தறியை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டவன், கணக்கு முடிக்கப் போகும்போது "மஸ்டரில் உன் பெயர் இல்லையே" என்கிறார்கள். பி.எப். கணக்கில் பெயரின் ஓர் எழுத்து ஆதாரோடு பொருந்தவில்லை என்றால், பீடித் தொழிலாளியான பெண் தன் சொந்தப் பணத்துக்கே அலைகிறாள். நடந்த தவறு எழுதியவனுடையது. திருத்த அலைய வேண்டியவள் உழைத்தவள்! பட்டாளத்துப் பதிவேடும் இந்த மஸ்டரின் அண்ணன்தான்.

இந்த வியாதி இன்று பிறந்ததல்ல. வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன வித்து. 1914-18 மகாயுத்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு யுத்தப் பதக்கம் வெளியிட்டது. துப்பாக்கி பிடித்த சிப்பாய்க்கு அது வெள்ளியில் வந்தது. ரயில் பாதை போட்டவன், கப்பலில் மூட்டை இறக்கியவன், பள்ளம் வெட்டியவன் - சீனத் தொழிலாளி, மால்டா தீவுத் தொழிலாளி, இந்தியக் கூலிப் படைத் தொழிலாளி - இவர்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில்! ஏறக்குறைய 1,10,000 வெண்கலப் பதக்கங்கள். வெற்றிப் பதக்கம் என்று இன்னொன்று இருந்தது. வெண்கலக்காரனுக்கு அது கிடையாது. குண்டு விழும்போது வெள்ளிக்காரன், வெண்கலக்காரன் என்று பார்த்தா விழுந்தது? மண்வெட்டி பிடித்த கைக்கு மட்டமான உலோகம் போதும் என்பதே ஏகாதிபத்தியத்தின் கணக்கு.

தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் அந்தக் காலத்துச் சலவைக்கல் பலகையை இன்றும் பார்க்கலாம். இந்தக் கிராமத்திலிருந்து மகாயுத்தத்துக்குப் போனவர் இத்தனை பேர், உயிர் விட்டவர் இத்தனை பேர் என்று அதில் எழுதியிருக்கும். எண் உண்டு. பெயர் இல்லை! மாட்டுச் சந்தையில்கூட மாட்டுக்கு ஒரு பெயர் சொல்லித்தான் விற்கிறார்கள்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. காமன்வெல்த் யுத்த கல்லறைக் கமிஷனே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க மக்களில் 45,000 முதல் 54,000 பேர் வெள்ளையருக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரே பொறிக்கப்படாமல் அல்லது நினைவுச் சின்னமே இல்லாமல் விடப்பட்டார்கள். இன்றைய கானா நாட்டை அப்போது ஆண்ட கவர்னர், சுதேசிக்குக் கல்லறைக் கல்லின் அருமை புரியாது என்று 1923-லேயே தீர்ப்புச் சொல்லியிருந்தார். பிரிட்டிஷ் ராணுவ மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்க நூறு வருஷம் ஆயிற்று. கேட்டார், அதுவாவது நடந்தது. பதிவேடு தவறு என்று ஒப்புக்கொண்டால் வானம் இடிந்து விழுந்துவிடாது என்று அதிலிருந்து நம் அதிகார வர்க்கம் கற்றுக்கொள்ளட்டும்.

பதிவேட்டை எழுதுகிறவன் கையில் அதிகாரம் இருந்தால் வீரமே குற்றமாகிவிடும். 1946 பிப்ரவரி 18-ல் பம்பாயில் 'தல்வார்' தளத்துக் கடற்படை வாலிபர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புழுத்த சோறு வேண்டாம், வெள்ளையனுக்குச் சமமாகச் சம்பளம் கொடு, இந்திய தேசிய ராணுவத்தினரை விடுதலை செய் என்றார்கள். 78 கப்பல்கள், சுமார் 20,000 மாலுமிகள்! பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ராட்டையை நிறுத்திவிட்டு அவர்களுக்காகத் தெருவில் இறங்கி, இருநூறுக்கு மேற்பட்டோர் குண்டுக்கு இரையானார்கள். அந்த மாலுமிகளில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலையிலிருந்து விரட்டப்பட்டார்கள். வெள்ளையன் போன பிறகாவது திரும்ப எடுத்தார்களா? இல்லை. வெள்ளையன் எழுதிய 'கட்டுப்பாடு மீறியவர்' என்ற வரியைச் சுதந்திர சர்க்காரும் காப்பாற்றி வைத்தது. அவர்கள் செய்தது விடுதலைப் போர் என்று ஒப்புக்கொள்ளப் பல்லாண்டுகள் பிடித்தன.

பழைய கதையை விடுவோம். 2018 ஜூலையில் என்ன நடந்தது? முப்படையினருக்கு 10 வகைச் சேவைப் பதக்கங்கள், மொத்தம் 17,27,000, வாங்குவதற்கு ராணுவ அமைச்சகம் ஒப்புதல் கொடுத்தது. அப்போது மந்திரியாக இருந்தவர் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். பெரிய சாதனையாக அறிவித்தார்கள். நாம் கேட்கிறோம்: 17 லட்சத்து 27 ஆயிரம் பதக்கங்கள் ஒரே நாளிலா பாக்கி விழுந்தன? ஆண்டுக்கணக்கில் கொடுக்காமல் வைத்திருந்தது அல்லவா அது! அந்த ஆண்டுகளிலெல்லாம் சிப்பாய் என்ன செய்தான்? அணிவகுப்பில் மார்பு வெறுமையாக இருக்கக் கூடாதே என்று கண்டோன்மெண்டுக் கடைகளில் கைக்காசு கொடுத்துப் போலிப் பதக்கம் வாங்கி மாட்டிக்கொண்டான். அசல் வீரன், போலிப் பதக்கம்! அந்த 2018-19 வருஷத்து ராணுவ பட்ஜெட், பென்ஷன் நீங்கலாக, 2 லட்சத்து 95 ஆயிரம் கோடி ரூபாய். அதில் சிப்பாயின் மார்புக்கு ஒரு துண்டு உலோகம் மட்டும் கிடைக்கவில்லையாம்.

பதக்கம் கிடைத்தவர்களை மட்டும் எப்படி மதித்தார்கள்? ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் கேட்டு 2015-ல் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்த முதிய வீரர்களை, சுதந்திர தினத்துக்கு முதல் நாள் போலீஸ் பிடித்து இழுத்தது. பதக்கம் தொங்கிய சட்டைகளே கிழிந்தன.

பதக்கப் பதிவு வெறும் அலங்காரம் அல்ல. எந்த முனையில், எந்த நடவடிக்கையில் ஒருவர் இருந்தார் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. காயம் 'போர்க் காயம்' என்று பதிவானால் ஒரு பென்ஷன். சாதாரண ஊனம் என்று பதிவானால் அதைவிடக் குறைவு. எதுவும் பதிவாகவில்லை என்றால் பட்டை நாமம். ஒரு வரி எழுத விட்ட குமாஸ்தாவுக்கு நஷ்டம் இல்லை. குடும்பத்துக்கு ஆயுள் முழுவதும் நஷ்டம்.

சிக்னல் படைச் சிப்பாய் தரம்வீர் சிங் வழக்கை நினைவுபடுத்துகிறோம். வலிப்பு நோய் வந்தது என்று வேலையிலிருந்து அனுப்பினார்கள். நோய்க்கும் ராணுவ வேலைக்கும் சம்பந்தமில்லை என்று ஊன பென்ஷனை மறுத்தார்கள். 2013-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது என்ன? படையில் சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவேட்டில் குறிப்பு இல்லையென்றால், அவர் நல்ல உடம்போடுதான் வந்தார் என்று கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு சர்க்காருடையது. சிப்பாயுடையது அல்ல! பதிவேட்டின் ஓட்டைக்குத் தண்டனை உழைத்தவனுக்குக் கூடாது என்பதே இதன் சாரம். பதக்கத்துக்கும் இந்த நியாயம் பொருந்தாதா?

இப்போது புதிதாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பதிவு தவறாவதற்கு இடமே இல்லாமல், பதிய வேண்டிய காலத்தையே வெட்டிவிடுவது! 2022-ல் வந்த அக்னிபாத் திட்டத்தில் வேலை நான்கே வருஷம். அதற்குமேல் வைத்துக்கொள்வது அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரை. மற்றவர்களுக்கு ஒரு தொகை. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. நீண்ட சேவைப் பதக்கத்தின் முதல் படி 9 வருஷம். நான்கு வருஷத்தில் அனுப்பப்படும் தென்காசிப் பக்கத்து வாலிபன் அதை எட்டுவது எப்படி? ஆலையில் நிரந்தரத் தொழிலாளியை ஒழித்துக் காண்டிராக்ட்காரனைக் கொண்டுவந்த அதே மூளை இப்போது பட்டாளத்துக்குள் நுழைந்திருக்கிறது. அன்று வெண்கலம், இன்று அதுவும் சந்தேகம்.

நமது கோரிக்கை சிக்கலானதல்ல. மெட்ராஸ் ரெஜிமெண்டின் பதிவேட்டு அலுவலகம் வெல்லிங்டனில் இருக்கிறது. சாப்பர்களுக்குப் பெங்களூர், சிக்னலுக்கு ஜபல்பூர், ஈ.எம்.ஈ.க்குச் செகந்திராபாத். எழுபது வயதுக்காரர் அங்கெல்லாம் அலைய வேண்டியதில்லை. பதிவேடுதான் அவரிடம் வர வேண்டும். முன்னாள் படைவீரர் நல அதிகாரி தாலுகா தோறும் முகாம் போட்டு, டிஸ்சார்ஜ் புத்தகங்களை வாங்கிப் பார்த்து, விட்டுப்போன பதக்கங்களைக் குறித்து, அலுவலகமே அனுப்ப வேண்டும். எத்தனை நாளில் பதில் என்று எழுத்தில் தர வேண்டும். இறந்தவர்களின் பதக்கம் மனைவி மக்கள் கையில் சேர வேண்டும். கூரியர்க்காரன் வாசலில் எறிந்துவிட்டுப் போவதாக அல்ல, ஊரார் முன்னிலையில்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல், பென்ஷன் உத்தரவின் நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு சங்க ஆபீசுக்கு வாருங்கள். எழுதத் தெரிந்த தோழர்கள் மனு எழுதித் தருவார்கள். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் பதிவேட்டின் நகலையே கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். அதற்கும் அசையாவிட்டால் சென்னையில் ராணுவத் தீர்ப்பாயக் கிளை இருக்கிறது. அங்கே போகக் கால வரம்பு உண்டு, ஆகவே பழைய காகிதங்களை இந்த வாரமே டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள்.