‘சென்டர்’ என்னும் சொல்லின் விலை

பஸ்ஸர்பீட்டர் என்னும் இணையவழிக் கூடைப்பந்து மேலாண்மை விளையாட்டில் ஆட்டக்காரர்களின் திறன்கள் சொற்களால் அளக்கப்படுகின்றன. மிகத் தாழ்ந்த நிலையைக் குறிக்கும் சொல்லில் தொடங்கி, பெரும்புகழைக் குறிக்கும் சொல்வரை இருபது படிகள் கொண்ட ஏணி அது. மொழியியல் பயின்ற எனக்கு அந்த ஏணியே முதலில் சுவையளித்தது. ஆனால் நெடிய ஆட்டக்காரருக்குப் பந்தைக் கைமாற்றவும் கையாளவும் கற்பிக்க அவ்விளையாட்டு கேட்கும் விலைதான் நீண்ட நாள் சிந்திக்க வைத்தது. அந்த விலையை நம் பள்ளி மைதானங்களும் கேட்கின்றன என்பதால் இதை எழுதுகிறேன்.

விலை இதுதான். ஒரு வாரம் எந்தத் திறனுக்குப் பயிற்சி தருகிறோமோ, அதற்குரிய இடத்தில் ஆடியவர்களுக்கே அப்பயிற்சியின் பயன் கிட்டும். பந்தைக் கைமாற்றும் திறன் பாயிண்ட் கார்டுக்கு உரியது. ஆகவே சென்டர் ஒருவருக்கு அதைக் கற்பிக்க வேண்டுமானால் அவரைப் பாயிண்ட் கார்டாகக் களமிறக்க வேண்டும். அணி தடுமாறும், ஆட்டம் கைவிட்டுப் போகவும் கூடும். போதாக்குறைக்கு, உயரம் மிக்கவர் இத்திறன்களை மெதுவாகவே கற்பார் என்பதும் அவ்விளையாட்டின் விதி. எனவே பெரும்பாலோர் தம் சென்டர்களுக்குக் கூடையடியில் செய்யும் வேலைகளை மட்டும் கற்பித்து நிறுத்திக்கொள்வர். பொறுமையுள்ள சிலரே தோல்விகளைத் தாங்கி மற்றதையும் கற்பிப்பர். அவர்களுக்கு ஒரு பலனும் உண்டு. சென்டரின் ஊதியம் பெரும்பாலும் கூடையடித் திறன்களைக் கொண்டே கணிக்கப்படுவதால், அவர் கற்ற பாஸ் ஏறத்தாழ இலவசமாக அணிக்குக் கிடைக்கிறது. சந்தை விலை வைக்காத திறன் களத்தில் பயன் தருகிறது.

இதை நிரல் எழுதியவர்களின் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. நடைமுறையில் உள்ள ஒரு பழக்கத்தையே அவர்கள் கணக்காக்கியிருக்கிறார்கள். பதின்மூன்று வயதில் வகுப்பிலேயே உயரமான பிள்ளை என்ன ஆகிறது என்று பாருங்கள். கூடையின் கீழே நிறுத்தப்படுகிறது. ‘கையை உயர்த்து, பந்தைப் பிடி, சிறியவனிடம் கொடுத்துவிடு’ என்பதே அதற்குக் கிடைக்கும் பாடம். பந்தைத் தட்டிக்கொண்டு இரண்டடி நகர்ந்தால் அதட்டல் வரும்.

இங்கேதான் விளையாட்டுக்கும் வாழ்வுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. கணினியில் ஆட்டக்காரரின் உயரம் மாறாதது. ஆகவே அங்கே அந்தக் கணக்கு செல்லும். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் இறுதி உயரத்தை எவர் அறிவார்? முந்தி வளர்ந்த பிள்ளை முந்தியே நின்றுவிடுவதும் உண்டு. பதின்மூன்றில் 178 செ.மீ. இருந்து ‘சென்டர்’ ஆக்கப்பட்டவன் 183 செ.மீ.யில் நின்றுவிட்டால், கல்லூரி அணியில் சென்டராக உயரம் போதாது. கார்டாக ஆடக் கை பழகவில்லை. ஐந்தாண்டு உழைப்புக்குப் பின் அவனுக்கு எந்த இடமும் இல்லை. இந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ‘ஆர்வம் குறைந்துவிட்டது’ என்று சொல்லி அவனை மறந்துவிடுகிறோம்.

வரலாறு இப்பழக்கத்துக்குத் துணைநிற்கவில்லை. 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த பதின்மூன்று விதிகளுள் ஒன்று, பந்தை ஏந்தி ஓடலாகாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது. பந்தைக் கைமாற்றுவது அன்று அனைவருக்கும் பொதுவான கடமை. இடங்களும் அவற்றின் பெயர்களும் பின்னர் உறைந்தவை. 1967–68 பருவத்தில் என்பிஏ தொடரிலேயே மிகுதியான அசிஸ்டுகளைத் தந்தவர் வில்ட் சேம்பர்லைன் என்னும் சென்டர். 2014 தேர்வில் 41-ஆவதாக எடுக்கப்பட்ட, 2.11 மீட்டர் உயரமுள்ள நிகோலா யோகிச், 2024–25 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துக்கும் மேற்பட்ட அசிஸ்டுகளைத் தந்தார். அந்தோணி டேவிஸின் கதை இன்னும் தெளிவானது. உயர்நிலைப் பள்ளியின் தொடக்கத்தில் அவர் கார்டாக ஆடியவர். பின்னர்தான் ஏறத்தாழ 20 செ.மீ. வளர்ந்தார். வளர்ச்சி தாமதித்ததால் கிடைத்த கல்வி அது. முன்னரே வளர்ந்திருந்தால் அவரையும் கூடையடியில் நிறுத்தியிருப்பர்.

நம் நாட்டில் கோட்டயம் மாவட்டத்தின் கீத்து அன்னா ஜோஸ், 2015-இல் என்பிஏ தேர்வில் இடம்பெற்ற பஞ்சாபின் சத்னாம் சிங் ஆகியோரைப் பற்றிய பேச்சு எங்கும் உயரத்திலேயே தொடங்குகிறது. அவர்களை முன்மாதிரியாகக் காணும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமல் சொல்லும் செய்தி, ‘உயரம் போதும்’ என்பதே.

நான் வாழும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்கள் இத்தகைய பெயர்ச்சீட்டுகளை நன்கறிந்தவை. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குச் சென்றது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைச் சந்தையில் ஒரே மூச்சில் தமிழும் மலையாளமும் பேசுபவரிடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் கேட்பது ஒரு தாய்மொழியை. ஆயினும் அப்படிவத்தில் ‘அறிந்த பிற மொழிகள்’ என இரண்டு மொழிகளுக்கு இடம் உண்டு. பயிற்சியாளரின் ஏட்டில் அந்தக் கட்டமே இல்லை. ‘சென்டர்’ என்று எழுதியபின், அப்பிள்ளை அறிந்த, அறியக்கூடிய பிற திறன்களுக்கு இடமில்லை. பெயர் வகைப்படுத்துவதோடு நின்றால் தீங்கில்லை. கற்பதற்கு எல்லை கட்டும்போதே அது கேடாகிறது.

பயிற்சி நேரம் குறைவு, ரீபவுண்ட் எடுக்கத் தெரியாத சென்டரால் என்ன பயன் என்று விளையாட்டு ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. கோப்பை வென்றால்தான் பள்ளி அவர்களைத் திரும்பிப் பார்க்கிறது. பஸ்ஸர்பீட்டர் மேலாளரின் இக்கட்டே அவர்களுடையதும். ஆகவே பழியை அவர்கள் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று. போட்டியை நடத்துவோர் விதியை மாற்ற வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் ஒவ்வொரு கால் பகுதியிலும் வெவ்வேறு பிள்ளை பந்தை முன்னெடுத்து வர வேண்டும் என்று விதித்தால், எந்த அணிக்கும் தனி இழப்பு நேராது. இழப்பு அனைவருக்கும் சமமாகும். அதற்கு முன்பே, அன்றாடப் பயிற்சியில் பதினைந்து நிமிடம் போதும். உயரமான பிள்ளை இரு கைகளாலும் பந்தைத் தட்டிப் பழகட்டும். ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தை வாங்கி, தலையை நிமிர்த்தி, கூடையை நோக்கி ஓடிவரும் தோழனுக்குக் கொடுத்துப் பழகட்டும். இதற்குக் கூடுதல் பந்தோ கூடுதல் பணமோ வேண்டியதில்லை.

உடற்கல்வித் துறையில் ஆய்வு செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதின்மூன்று வயதில் சென்டர்களாக நிறுத்தப்பட்ட பிள்ளைகள் பதினெட்டில் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு மாவட்ட அளவிலேனும் தேடிப் பாருங்கள். ஆட்டத்தை விட்டு அகன்றவர்களிடமும் கேளுங்கள். நல்ல ஆய்வேட்டுக்கு உரிய கேள்வி அது.